மாப்பிள்ளைக்கு மூடி போட்ட தட்டு

எங்கள் வீட்டுப் பூனை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், தட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு "ஆ காட்டு, ஆ காட்டு" என்று கெஞ்சிச் சோறு ஊட்டியவள். சாப்பிடு, சாப்பிடு என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். மெதுவாகச் சாப்பிடு என்று ஒரு ஜீவனிடம் கெஞ்ச வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பூனை மகளுடையது. பெங்களூரில் வேலை பார்த்தபோது அபார்ட்மெண்டில் கார் நிறுத்தும் இடத்தில் பசியோடு கத்திக்கொண்டு கிடந்த குட்டியை எடுத்து வளர்த்திருக்கிறாள். அப்புறம் கம்பெனி அவளை லண்டனுக்கு அனுப்பியது. பூனையை அனுப்பவில்லை. அதனால் ஒரு கூடை, ஒரு மணல் தொட்டி, ஒரு மூட்டைத் தீனி சகிதம் குளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது வந்து இறங்கியது. ஆண் பூனை. சாம்பல் நிறம். முகத்தில் எந்நேரமும் ஏதோ குறை சொல்லப் போகிற களை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகப் போய் என் வீட்டுக்காரரின் ஈசிச்சேரில் ஏறிப் படுத்தது.

"வாங்க மாப்ள, ஒக்காருங்க," என்றார் அவர். அன்றைக்கு வாயில் வந்த பெயர்தான், அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கேட்க "மாப்ள எங்க, மாப்ளைக்குப் பால் வச்சியா" என்று ஒரு மனுஷன் சத்தம் போட்டால் ஊர் என்ன நினைக்கும்? தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டால்தானே.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலைக் கொல்லையும் கொஞ்சம் வயலும்தான் அவர் தொழில். ஆனால் ஊருக்குள் அவருக்கு மரியாதை அதனால் இல்லை, பந்தி விசாரிப்பதால். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பரிமாற ஆட்கள் இருந்தாலும், இலைக்கு இலை நின்று "ரசம் ஊத்தச் சொல்லவா, அப்பளத்தத் தொடவே இல்லையே, கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்று விசாரிக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். விருந்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பந்தியை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றால் பேச்சு வந்துவிடும். எங்கள் ஊரில் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் "பந்திய நீங்கதான் பாத்துக்கணும்" என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எங்கேயாவது காலி இலை கண்ணில் பட்டால் போதும், இவர் கை தானாக நீண்டுவிடும். இப்படிப்பட்டவர் வீட்டில் அப்படிப்பட்ட பூனை வந்து வாய்த்தது.

தட்டு காலியானதும் பூனை நிமிர்ந்து பார்க்கும். இவர் போடுவார். மறுபடியும் காலி, மறுபடியும் பார்வை, மறுபடியும் போடுவார். அப்புறம் அது இரண்டடி நடந்து, முதுகை வளைத்து, தொண்டையில் பம்பு செட் ஓடுவது போல ஒரு சத்தம் எழுப்பி, தின்றது அத்தனையையும் முழுசு முழுசாகக் கக்கிவிடும். கக்குவதற்கு அது இடம் பார்க்கும் விதமே தனி. சிமெண்டுத் தரை அவ்வளவு பெரிதாகக் கிடக்கும், அங்கே கக்காது. இஸ்திரி போட்டு வைத்த வேட்டியில் கக்கும். காயப்போட்ட வடகத்தில் கக்கும். ஒரு தடவை, மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவரின் செருப்புக்குள் கச்சிதமாகக் கக்கியது. துடைக்கிறவள் நான்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே எங்களுக்கு முன்னால் சினைப் பசு ஒன்றும் இரண்டு ஆடுகளும் நின்றன. பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு இவர் மட்டும் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வெள்ளை வேட்டியில் நின்றார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லங்க. மெல்லாம முழுங்குது. குட்டியில பட்டினி கெடந்திருக்கும், அடுத்த வேளை கெடைக்குமோ கெடைக்காதோன்னு பயம். மெதுவாத் திங்க வைங்க. இப்படியே கக்கிக்கிட்டு இருந்தா ஒடம்பு தேறாது, பாத்துக்கங்க."

வெளியே வந்ததும் இவருக்குக் கோபம். "அடுத்த வேளை கெடைக்காதுன்னு பயமா? நம்ம வீட்டுலயா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூனை எனக்கு வேண்டியிருந்தது. பூனைக்காக இல்லை, மகளுக்காக. அது வருவதற்கு முன்பெல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவாள். "நல்லா இருக்கீங்களா, மாத்திரை சாப்பிட்டீங்களா" என்பாள். நான் ஒரு ஜாதகம் வந்திருக்கிறது என்று ஆரம்பிப்பேன். "சரிம்மா, வச்சிர்றேன்" என்பாள். பூனை வந்த பிறகு தினமும் வீடியோவில் வந்தாள். இங்கே விளக்கு வைக்கிற நேரம், பூனை சாப்பிடுகிற நேரம். அங்கே அவளுக்கு மதியம். "அம்மா, அவனக் காட்டு" என்பாள். காட்டுவேன். அது தின்று முடிக்கும். "வச்சிர்றேன்மா." அவ்வளவுதான். தினமும் பெற்ற மகள் முகத்தைப் பார்க்கிறேன், அதுவும் ஒரு பூனை தயவில், அதுவும் அது தின்று முடிக்கிற வரைக்கும் மட்டும். அதுவோ கண் மூடித் திறப்பதற்குள் முடித்துத் தொலைக்கிறது!

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மகள் ஆன்லைனில் ஒரு பெட்டி அனுப்பி வைத்தாள். பசில் ஃபீடர் என்று அதற்குப் பெயர். வட்டமான பிளாஸ்டிக் தட்டு, அதில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குக் குழி நகர்த்துகிற மூடி. தீனியை உள்ளே போட்டு மூடிவிட வேண்டும். பூனை காலால் மூடியைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு உருண்டையாக எடுத்துத் தின்ன வேண்டும். புத்திக்கும் வேலை, வயிற்றுக்கும் நிதானம் என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு மூடி போட்டு, நீயே தொறந்து தின்னுன்னு சொல்றதா? மாப்ளைக்கா? இது எந்த ஊரு மரியாதை?"

அவர் மட்டும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "ஏன் மதினி, வாயில்லா ஜீவனுக்குச் சோத்த ஒளிச்சு வச்சிட்டு வேடிக்கை பாக்குறீங்களே, அடுக்குமா?"

நான் யாரையும் சட்டை செய்யவில்லை. ஏனென்றால் முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. பூனை அந்த மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மகள் லைனில் இருந்தாள்! மூடியை முகர்ந்தது, தட்டைச் சுற்றி வந்தது, என்னை முறைத்தது, மறுபடியும் தள்ளியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆபீஸ் கதை சொன்னாள், மழை சொன்னாள், பக்கத்து சீட்டுக்காரி தும்முவதைச் சொன்னாள். கல்யாணப் பேச்சை எடுக்க எனக்கே மறந்துவிட்டது. அன்று பூனை கக்கவும் இல்லை. இந்தத் தட்டைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கொஞ்ச நாள்தான். அப்புறம் நான் போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தட்டு பாதி காலியாக இருக்க ஆரம்பித்தது. "செம புத்திசாலிம்மா அவன்!" என்று மகள் பூரித்துப் போனாள். இதைவிடக் கஷ்டமான தட்டு ஒன்று அனுப்பினாள். அது மூடியைத் தூக்கி, அப்புறம் இழுப்பறையை இழுக்க வேண்டிய சாமான். எனக்கே சட்டென்று வரவில்லை. பூனை அதையும் ஓரிரு நாளில் வென்றுவிட்டது. ஒரு நாள் அந்த இழுப்பறைக்குள் மீன் வாடை அடித்தது, திறந்து பார்த்தால் நான் வைக்காத மீன் துண்டு ஒன்று எறும்பு மொய்த்துக் கிடந்தது. இவ்வளவு நடந்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, பாருங்கள். நம் வீட்டுப் பூனை படித்த பூனை, பெங்களூர்ப் பூனை என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கக்கல் திரும்பி வந்துவிட்டது. போனில் பேச்சும் பழையபடி சுருங்கிவிட்டது. ஒரு நாள் மகள் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் எளச்சிட்டாம்மா. எலும்பு தெரியுது. ஒங்களால முடியலைன்னா பரவால்ல. பெங்களூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா, பூனை வளக்குறவ. அடுத்த வாரக் கடைசியில மதுரைக்குக் கல்யாணத்துக்கு வாரா. விராலிமலைல வந்து ஒப்படைச்சிட்டீங்கன்னா கார்ல தூக்கிட்டுப் போயிருவா."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? பூனையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க தினமும் கூப்பிடுடி என்று எந்த வாயால் கேட்பது? போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய் நின்றேன். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் மாத்திரை, மறுபடியும் "வச்சிர்றேன்மா" என்று நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் தட்டில் தீனி போட்டு எல்லா மூடியையும் நானே இறுக்கி மூடிவிட்டு, அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுக்கப் போனேன். கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று பாதியில் திரும்பினால், கூடத்தில் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூனைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரலால் ஒவ்வொரு மூடியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"இந்தாங்க, இங்கிட்டு ஒண்ணு இருக்கு. அங்கிட்டும் பாருங்க. வெரசாச் சாப்பிடுங்க மாப்ள, அவ வந்துருவா."

பூனை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, ஒரு காலைக்கூட நகர்த்தாமல், தலையை மட்டும் குனிந்து குனிந்து தின்றுகொண்டிருந்தது. அதற்கு மூடி திறக்கவே தெரியாது. இவரை நிமிர்ந்து பார்க்க மட்டும்தான் தெரியும்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு வந்துவிட்டாள். "மனுஷனா நீங்க? நான் இங்க கெடந்து சாகுறேன், நீங்க அதுக்குப் பந்தி விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அதக் கக்க வச்சு எளைக்க வச்சு ஊர விட்டே அனுப்பப் போறீங்க. அப்புறம் அவ எதுக்கு நமக்கு தெனமும் போன் போடப் போறா? ஒங்க மொகத்தப் பாக்கவா?"

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் இவர் ஒன்பது சொல்வார். அன்று எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது திங்கிற வரைக்கும் போனு ஒங் கையிலதான இருக்கு. அது தின்னு முடிச்சாத்தான் எங்கிட்டக் குடுக்குற. எங்கிட்ட வந்ததும் 'வச்சிர்றேம்ப்பா'ங்குறா. கொஞ்சம் வெரசா முடிச்சுச்சுன்னா நானும் ரெண்டு வார்த்தை பேசலாமேன்னு பாத்தேன்."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"எம் மககிட்டப் பேச ஒங்கிட்ட மனுக் குடுக்கணுமாக்கும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்கும் சேர்த்து இவர் மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளும் நான் மூடியை மூடியிருக்கிறேன், இவர் திறந்திருக்கிறார், இரண்டு பேரும் ஒரே காரியத்துக்குத்தான் அலைந்திருக்கிறோம். நடுவில் அந்தப் பூனை இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறது.

"இந்தாங்க," என்று அறையில் இருந்த போனை எடுத்து வந்து அவர் கையில் திணித்தேன். "இனிமே நீங்களே பிடிங்க. பூனைய நான் பாத்துக்கிறேன். மூடியத் தொட்டீங்க, கை இருக்காது."

அந்தப் பிளாஸ்டிக் தட்டால் இனி பிரயோஜனம் இல்லை. அதை வைத்தால் பூனை தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவரைப் பார்த்துத்தான் உட்காருகிறது. யோசித்துப் பார்த்துவிட்டுப் பரணில் இருந்து பணியாரச் சட்டியை இறக்கினேன். நல்ல இரும்புச் சட்டி, பூனை என்ன, அதன் பாட்டன் வந்தாலும் அசைக்க முடியாது. குழிக்கு நாலு உருண்டை போட்டேன். வாயை விட்டு ஒரேயடியாக அள்ள முடியாது, குழி குழியாக நக்கித்தான் எடுக்க வேண்டும். அது போதாதென்று சுற்றிலும் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, சிலவற்றுக்கு அடியில் தீனி வைத்தேன், சிலவற்றுக்கு அடியில் ஒன்றும் வைக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து "இது என்ன மதினி, மாந்திரீகமா?" என்று குரல் கேட்டது.

முதல் நாள் பூனைக்கு நம்பவே முடியவில்லை. சட்டியைப் பார்த்தது, இவரைப் பார்த்தது, வாயைப் பிளந்து ஒரு கத்துக் கத்தியது. இவர் வலது கை மெதுவாக நீண்டது. நான் தொண்டையைக் கனைத்தேன். கையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். இடது கையில் போன், அதில் மகள்.

"அப்பா, ஒங்க மூக்கு மட்டுந்தாம்ப்பா தெரியுது."

"இரு ஆத்தா, திருப்புறேன். இப்ப?"

"இப்ப ஃபேன் தெரியுது."

ஒருவழியாகப் பூனை திரையில் வந்தபோது அது கோபத்தில் ஒரு கொட்டாங்குச்சியை அடித்துவிட்டிருந்தது. கொட்டாங்குச்சி உருண்டது, உள்ளே இருந்த உருண்டை வெளியே வந்தது. பூனை அப்படியே நின்று அதைப் பார்த்தது. பிறகு அடுத்த கொட்டாங்குச்சியை முகர்ந்தது. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அதுல இல்ல மாப்ள, பக்கத்துல, பக்கத்துல! ஆங்! இப்ப சட்டிக்கு வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல, நிதானமா, எல்லாம் ஒங்களுக்குத்தான்!" மகள் லண்டனில் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. இவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பூனை கக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாரக் கடைசி நெருங்க நெருங்க நான் தினமும் வேட்டி, செருப்பு, வடகம் என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் படுத்தேன். சுத்தமாக இருந்தது. தோழி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் பூனையைப் பக்கவாட்டில் காட்டச் சொன்னாள். இவர் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பூனை இவர் கையில் துணி போலத் தொங்கியது.

"சதை போட்டிருக்குப்பா. சரி, அவள வர வேணாம்னு சொல்லிர்றேன். அவன் அங்கயே இருக்கட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

பூனை அன்றைய சட்டியை முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, ஈசிச்சேரில் ஏறிப் படுத்துவிட்டது. காட்ட இனி ஒன்றும் இல்லை. எனக்கு அடுத்து வரப் போவது தெரியும். அவள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, இந்த மனுஷன் முந்திக்கொண்டார்.

"சரி ஆத்தா, மாப்ள முடிச்சிட்டாரு. ஒனக்கு வேலை கெடக்கும். வச்சிரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கடித்தே இருப்பேன்.

"இருங்கப்பா," என்றாள் அவள். "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள். இத்தனை நாளும் அவள் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். முகத்துக்குக் கீழே ஒரு மேசை இருந்தது. மேசையில் ஒரு டப்பா, அதில் பாதி கடித்த ரொட்டி. சுற்றிலும் நாற்காலிகள், எதிலும் ஆள் இல்லை.

"இங்க எல்லாரும் அவங்கவங்க சீட்லயே சாப்பிட்டுக்குவாங்கப்பா. தனியா ஒக்காந்தா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. அவன் திங்கிறதப் பாத்துக்கிட்டே தின்னா கொஞ்சம் எறங்கும். அதான் இந்த நேரத்துக்குக் கூப்பிடுறேன். இன்னைக்கு அவன் எனக்கு முன்னாடி முடிச்சிட்டான்."

இவர் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சோத்தப் போடு," என்றார்.

"இப்பவேவா? இன்னும் ராத்திரிச் சாப்பாட்டு நேரமே வரலையே?"

"போடுங்குறேன்ல."

மதியம் வைத்த சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் இருந்தன. போட்டேன். எனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, போனில் நானும் தெரிகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ரொட்டியை எடுத்துக் கடித்தாள். "என்ன கொழம்பும்மா?" என்றாள். சொன்னேன். "வாசம் இங்க வரைக்கும் வருது" என்றாள், பொய்க்காரி.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்காமல் நாம் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அவர் வயிறு நிறையாமல் எழுந்துவிடுவார். இவருக்குக் குழம்புச் சோறு முடிந்தது. திரையைப் பார்த்தார், ரொட்டி இன்னும் கொஞ்சம் இருந்தது. மோர் ஊற்றச் சொன்னார். அதுவும் முடிந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். பசி இல்லை என்பது எனக்குத் தெரியும், போட்டேன். ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, ஊரில் யாருக்கு வளைகாப்பு, யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கடைசி வாயைத் தின்று டப்பாவை மூடிய பிறகுதான் கை கழுவ எழுந்தார்.